போட்டிக்காரன் நம்ம தளத்தைக் கூகிளில் கவிழ்க்க முடியுமா?

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு ஊருக்கு (பெரியபட்டினம்) போயிருந்தேன். பையைக் கூட கீழே வைக்கலை, மாமா வந்து நின்னார். "நீ கம்ப்யூட்டர் தானே படிக்கிறே? நம்ம கடையை ஒருத்தன் கூகிள்ல காலி பண்ணிட்டான். என்னன்னு பாரு."

மாமாவுக்குக் கருவாட்டு வியாபாரம். கூடவே கருப்பட்டி, பனங்கற்கண்டு, முண்டு மிளகாய். சென்னை, பெங்களூரில் இருக்கும் நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பார்சல் அனுப்புவார். மூணு வருஷம் முன்னாடி ஒருத்தரிடம் காசு கொடுத்து ஒரு இணையதளம் போட்டார். "ராமநாதபுரம் கருவாடு" என்று தேடினால் முதல் பக்கத்திலேயே வரும். வாரம் முப்பது பார்சல் போய்க்கொண்டு இருந்தது. ஒரே மாசத்தில் அது நாலாகி விட்டது. தேடினால் ஐந்தாம் பக்கத்தில் கூட தளம் இல்லை. அதே சமயத்தில் பக்கத்து ஊரில் ஒரு காக்கா புதுசா ஆரம்பித்த கருவாட்டுக் கடை முதல் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மாமா தீர்ப்பே எழுதிவிட்டார். "இவன் வேலை தான்." இரண்டு பேரும் இருபது வருஷமா ஒரே ஏலத்தில் மீன் எடுப்பவர்கள். அந்தக் காக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு மாமா போகவில்லை. போகாதது மட்டுமில்லை, ஏன் போகலைன்னு ஏலக் கொட்டகையில் பத்து பேர் கேட்கச் சொல்லியும் விட்டார்.

இதற்கு நடுவில் எஸ்.ஈ.ஓ. செய்கிறேன் என்று போனில் ஒரு ஆள். "சார், உங்க தளத்துக்கு 4,000 கெட்ட சுட்டிகள் வந்திருக்கு. போட்டியாளர் வாங்கிப் போட்டது. 15,000 ரூபாய் கொடுங்க, எடுத்துடறேன்." மாமா பணத்தை எண்ணி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். நல்ல வேளை.

சரி, நண்பர்களே, கேள்விக்கு வருவோம். ஒரு தளத்தைப் போட்டியாளரால் கூகிளில் கீழே தள்ள முடியுமா? என்னுடைய பதில்: முடியும். ஆனால் எல்லாரும் பயப்படும் வழியில் இல்லை.

முதலில் அந்த 'கெட்ட சுட்டி' கதை. 1998ல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகிளை ஆரம்பித்தபோது அவர்களுடைய அடிப்படை யோசனை எளிமையானது. ஒரு தளத்துக்கு இன்னொரு தளம் சுட்டி கொடுத்தால் அது ஒரு ஓட்டு. பெரிய தளம் கொடுத்தால் கனமான ஓட்டு. ஓட்டு என்று ஒன்று இருந்தால் கள்ள ஓட்டும் வருமில்லையா? வந்தது. 2003ல் நிறைய பேர் சேர்ந்து 'படுதோல்வி' என்ற பொருள் வரும் ஆங்கிலச் சொற்களில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தார்கள். அந்தச் சொற்களைத் தேடினால் புஷ் முதலில் வந்து நின்றார்! கூகிள் அதைச் சரிசெய்ய 2007 ஜனவரி ஆகிவிட்டது.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? காசு கொடுத்து ஆயிரக்கணக்கில் சுட்டி வாங்கினார்கள். 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டு வந்து, இப்படிச் செய்த தளங்களைக் கூகிள் கீழே இறக்கியது. இங்கேதான் வில்லங்கம். கள்ள ஓட்டு வாங்கினால் தண்டனை என்றால், எதிராளி பேரில் நானே கள்ள ஓட்டுப் போட்டு அவனைத் தகுதி நீக்கம் செய்ய வைக்கலாமே? இதற்கு 'எதிர்மறை எஸ்.ஈ.ஓ.' என்று பெயரும் வைத்து, சந்தையில் விற்கவும் ஆரம்பித்தார்கள்.

கூகிளின் பேச்சு மாறியதைப் பார்த்தாலே விஷயம் புரியும். ஆரம்பத்தில், போட்டியாளரால் உங்கள் இடத்தைக் கெடுக்கவே முடியாது என்றார்கள். பிறகு அதில் 'கிட்டத்தட்ட' என்று ஒரு வார்த்தை நுழைந்தது. அதற்கும் பிறகு, அப்படி நடக்காமல் தடுக்கக் கடுமையாக உழைக்கிறோம் என்றார்கள். 2012 அக்டோபரில், "இந்தச் சுட்டிகள் என்னுடையவை இல்லை" என்று தளக்காரரே கைகழுவ ஒரு கருவியும் கொடுத்தார்கள். ஆபத்தே இல்லை என்றால் கருவி எதற்கு?

ஆனால் 2016 செப்டம்பரில் முறையை மாற்றினார்கள். கெட்ட சுட்டி வந்தால் தளத்தைத் தண்டிப்பதற்குப் பதில், அந்தச் சுட்டியை எண்ணாமலே விட்டுவிடுவது. அதாவது கள்ள ஓட்டு செல்லாத ஓட்டு, வேட்பாளருக்குத் தண்டனை இல்லை. அதனால் இன்றைக்கு 4,000 குப்பைச் சுட்டி வாங்கி எதிரியைக் கவிழ்க்க நினைப்பவன் பெரும்பாலும் தன் காசைக் கடலில் போடுகிறான். அதைக் காட்டிப் பயமுறுத்தி 15,000 கேட்பவன்தான் இதில் சம்பாதிக்கிறான்.

அப்போ போட்டியாளர்கள் எல்லாம் உத்தமர்களா? அதுவும் இல்லை. நிஜமாகவே வேலை செய்யும் வழிகள் வேறு.

ஒன்று, பொய்ப் புகார். என் படத்தை, எழுத்தைத் திருடிவிட்டார்கள் என்று அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி (டி.எம்.சி.ஏ.) கூகிளுக்குப் புகார் கொடுத்தால், அந்தப் பக்கம் தேடலிலிருந்து தூக்கப்படலாம். 2023 நவம்பரில் கூகிளே கலிபோர்னியாவில் ஒரு வழக்குப் போட்டது. வியட்நாமில் இருப்பவர்கள் 65 கணக்குகளைத் திறந்து, 1,17,000க்கும் மேற்பட்ட பக்க முகவரிகள் மீது பொய்ப் புகார் கொடுத்து, போட்டியாளர்களைத் தேடலிலிருந்து நீக்க வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

இரண்டு, கூகிள் மேப். ஒரு கடை மூடிவிட்டது என்று யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். ஒற்றை நட்சத்திரம் கொடுத்து 'புழு இருந்தது' என்று எழுதலாம். கருவாட்டுக் கடைக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டுமா?

மூன்று, உங்கள் பெயரிலேயே விளம்பரம். இதில் நம்ம சென்னைக்கு ஒரு வரலாறு உண்டு. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி தளங்களை நடத்திய கன்சிம் நிறுவனம், தன் பெயர்களைத் தேடும்போது போட்டித் திருமணத் தளங்களின் விளம்பரம் வருகிறது என்று கூகிள் மீதும் அந்தப் போட்டியாளர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 செப்டம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 'தமிழ்', 'மேட்ரிமோனி' எல்லாம் பொருளைச் சொல்லும் பொதுச் சொற்கள், அதை ஒருவரே சொந்தம் கொண்டாட முடியாது என்ற ரீதியில் போனது தீர்ப்பு. ஆனால் 2023 ஆகஸ்டில் அகர்வால் பேக்கர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், அடுத்தவர் வணிகக் குறியை விளம்பரத்துக்கான சொல்லாக விற்பதும் அந்தக் குறியைப் பயன்படுத்துவதுதான், குழப்பம் வந்தால் கூகிளும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றது.

நாலாவது, தளத்துக்குள்ளேயே புகுந்துவிடுவது. மாமா கதை இங்கேதான் வருகிறது.

தளம் போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. நானே ஹோஸ்டிங் கணக்கு வழியாக கூகிளின் சர்ச் கன்சோலில் (இலவசம்தான்) நுழைந்தேன். பார்த்தால் தளத்துக்கு நமக்குத் தெரியாத இன்னொரு மின்னஞ்சல்காரர் 'உரிமையாளர்'! பாதுகாப்புப் பிரச்சினை என்ற இடத்தில் சிவப்பு எச்சரிக்கை. கூகிளில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, மாமா தளத்தின் முகவரியைக் கொடுத்தேன். வந்ததெல்லாம் ஜப்பானிய மொழிப் பக்கங்கள். ஹேண்ட்பேக், கைக்கடிகாரம்... நம்ம ஊரில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளை ஆராய ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா வந்தார் என்று படித்திருக்கிறேன். ஜப்பான்காரர்கள் நம்ம மாமாவிடம் ஹேண்ட்பேக் வாங்கியதாக வரலாறு இல்லை!

இது உலகம் முழுக்க நடக்கும் ஒரு தாக்குதல். பழைய மென்பொருள் உள்ள தளங்களைத் தானியங்கி நிரல் தேடித் தேடிப் புகுந்து, போலிப் பொருள் விற்கும் பக்கங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கும். அப்படிப் பிடித்த தளங்களை ஒன்றுக்கொன்று சுட்டியும் கொடுத்துக்கொள்ளும். அந்த 4,000 கெட்ட சுட்டி வந்த வழி அதுதான். எல்லாமே அந்த ஜப்பானியப் பக்கங்களுக்குப் போகும் சுட்டிகள். நம்ம தளத்தின் மென்பொருள் மூணு வருஷமா புதுப்பிக்கப்படவில்லை. கடவுச்சொல்? கடைப் பெயரும் 123ம்.

பக்கத்து ஊர்க் காக்காவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக ஒரு துரும்பு கூட இல்லை. பூட்டாத வீட்டில் எவனோ புகுந்திருக்கிறான், நாம் எதிர் வீட்டுக்காரரைத் திருடன் என்றிருக்கிறோம்.

சுத்தம் செய்து, அந்த 'உரிமையாளரை' நீக்கி, கூகிளுக்கு மறுபரிசீலனை கேட்டு... மூன்று வாரம் ஆனது. பார்சல் இப்போது இருபதைத் தாண்டிவிட்டது.

எனக்குக் கோபம் கூகிள் மீதும் உண்டு. மேட்ரிமோனி நிறுவனத்திடம் வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. நீதிமன்றம் போனது, போட்டி ஆணையம் வரை போனது. அந்த ஆணையமும் 2018 பிப்ரவரியில், தேடலில் பாரபட்சம் காட்டியதற்காகக் கூகிளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் போட்டது. மாமா எந்தக் கதவைத் தட்டுவார்? பிழைப்பே ஒரு தேடல் பக்கத்தை நம்பி இருக்கிறது, ஏன் விழுந்தோம் என்று கேட்க ஒரு மனுஷன் இல்லை. பதில் கிடைக்காத இடத்தில் சந்தேகம் முளைக்கும். அந்தச் சந்தேகம் எங்கோ இருக்கும் கம்பெனி மீது பாயாது, கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவன் மீதுதான் பாயும். தரவரிசை போனதைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது. தளத்தை மூன்று வாரத்தில் மீட்டுவிட்டோம்.

லீவு முடிந்து கிளம்பும் அன்று மாமா கேட்டார், "அந்தக் காக்கா கிட்ட இப்ப என்னன்னு போய்ச் சொல்றது?" "நடந்ததைச் சொல்லுங்க மாமா. அப்படியே அவர் பாஸ்வேர்டையும் மாத்தச் சொல்லுங்க" என்றேன். போனார். காக்கா டீ வாங்கிக் கொடுத்தாராம். கல்யாணத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவே இல்லையாம்.

பி.கு: உங்க வீட்டில் யாராவது தளம் வைத்திருந்தால் அந்த 'சைட்' தேடலை இன்றைக்கே ஒருமுறை செய்து பாருங்கள். யார் மீதும் சந்தேகப்படுவதற்கு முன்னாடி!