முடியாத சாட்சி

நம் சபைகளில் 'சாட்சி சொல்வது' என்றொரு வழக்கம் உண்டு. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஆராதனையின் நடுவே ஒருவர் எழுந்து, தம் வாழ்க்கையில் இறைவன் செய்த நன்மையை எல்லார் முன்னிலும் சொல்வார். வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மகளுக்குத் திருமணம் கூடியது. கேட்கவே மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால், துன்பம் இன்னும் தீராத ஒருவர் எழுந்து நின்று சாட்சி சொல்லி நான் கேட்டது மிக அபூர்வம்.

ஜொகூர்வாசிகளுக்கு இது புரியும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் இரவில் வீடு திரும்பிக்கொண்டிருந்த எத்தனையோ பேரின் பிழைப்பு ஒரே நாளில் தலைகீழானது. சிலர் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார்கள். சிலர் வேலையை இழந்து இங்கே வீட்டோடு முடங்கினார்கள். 2022 ஏப்ரல் 1-இல் தரைவழி எல்லை மீண்டும் முழுமையாகத் திறந்தது. பாலம் திறந்ததற்கு நன்றி சொன்னவர்கள் ஏராளம். ஆனால், தாயின் சவ அடக்கத்தைக் கைப்பேசியில் மட்டுமே பார்க்க முடிந்த மகன் எதைச் சொல்லி நன்றி கூறுவான்? பாலம் திறந்தது அவனுக்கு எதையும் திருப்பித் தரவில்லையே.

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு ஈப்போவின் சிபில் கார்த்திகேசு நினைவுக்கு வருகிறார். 1899-இல் மேடானில் ஒரு யுரேசியக் குடும்பத்தில் பிறந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். தமிழரான டாக்டர் ஏ. சி. கார்த்திகேசுவை 1919-இல் மணந்தார். அதே ஆண்டில் பிறந்த முதல் ஆண் குழந்தை ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. குழந்தையைப் பறிகொடுத்த அந்தத் தாய்தான் பின்னர் ஈப்போவில் கணவரோடு கிளினிக் நடத்தி, ஊரார் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்தவர்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ஈப்போவை நெருங்கியபோது, குடும்பம் பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குப் போனது. அங்கே காட்டிலிருந்து இரவில் காயங்களோடு போராளிகள் வந்தார்கள். கம்யூனிஸ்டுகள் தலைமையில் இயங்கிய ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் அவர்கள். தன் விசுவாசத்தில் எள்ளளவும் பங்கில்லாதவர்களுக்குத்தான் அந்தக் கத்தோலிக்கப் பெண் கதவைத் திறந்தார். ஒளித்து வைத்திருந்த வானொலியில் பிபிசி செய்தியும் கேட்டார். அந்நாளில் அதற்கே தலை போகும்.

1943-இல் கணவரும் அடுத்து அவரும் கெம்பெய்தாய் இராணுவப் போலீசிடம் சிக்கினார்கள். அடி, உதை, தண்ணீர்ச் சித்திரவதை. எதற்கும் வாய் திறக்கவில்லை என்றதும், சுமார் ஏழு வயது மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினார்கள். அப்போதும் அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஓர் அதிகாரி குறுக்கிட்டதால் குழந்தை பிழைத்தது. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் என்னால் சுலபமாகக் கடந்து போக முடிவதில்லை. எந்தத் தாயையும் பார்த்து 'நீயும் இப்படி இரு' என்று சொல்ல எனக்கு நா எழாது.

போர் முடிந்ததும் விடுதலையானார். முதுகெலும்பு சேதமடைந்து, நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. குணம் மட்டும் கிடைக்கவில்லை. தாடையில் பட்ட பழைய காயம் விஷமாகி, 1948 ஜூன் 12-இல் காலமானார். வயது 48. அவர் எழுதிய நினைவுகள் 1954-இல்தான் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற நூலாக வந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் இந்தக் கதையை எப்படி முடிப்பது? 'ஆகையால் கர்த்தர் என்னைச் சுகமாக்கினார்' என்ற கடைசி வரி இதில் இல்லையே!

வேதாகமத்திலும் இத்தகைய பக்கங்கள் உண்டு. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கண்ணீரில் தொடங்கித் துதியில் முடியும். 88-ஆம் சங்கீதம் அப்படியல்ல. இருளில் தொடங்கி இருளிலேயே நிற்கிறது. அதை யாரும் வெட்டி எறியவில்லை. பவுலும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில், துன்பத்துக்கு அடுத்தபடியாக விடுதலையை வைக்கவில்லை, பொறுமையைத்தான் வைக்கிறார். நம்பிக்கை அந்த வரிசையில் கடைசியாகத்தான் வருகிறது. நாமோ துன்பத்தில் இருப்பவரிடம் முதல் நாளே நம்பிக்கையைக் கேட்டு நிற்கிறோம்.

துன்பம் வந்தாலே மனிதர் ஆவிக்குரிய வாழ்வில் வளர்ந்துவிடுவார் என்பதையும் நான் நம்புவதில்லை. கசந்து போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். சிபிலின் வளர்ச்சியை அவர் தாங்கிய அடியில் நான் தேடவில்லை. தன் பிள்ளையை இழந்த கை மற்றவர் பிள்ளையை ஏந்தியதிலும், நள்ளிரவில் கதவைத் தட்டிய அந்நியனுக்குக் கட்டுப் போட்டதிலும் அதைப் பார்க்கிறேன்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்த பிறகுதான் வினை. தீராத நோயோடும் கடனோடும் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறவர்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள். 'எனக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்' என்று அவர்கள் சொல்லவும் சாட்சி நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். சொன்னவருக்கு உடனே பதில் சொல்ல யாரும் எழ வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் அடக்கமான சிபிலின் உடல் 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. பள்ளி விடுமுறையில் வடக்கே போகிறவர்கள் செயின்ட் மைக்கல் தேவாலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் அவரது சமாதியைப் பார்க்கலாம். ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கும் அவர் பெயர்தான்.