கேமிங் கம்ப்யூட்டர்: எங்கே கஞ்சத்தனம் கூடாது?



பரீட்சை முடிந்ததும் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை தப்பாமல் இருக்கும். எழுதுவது பெரும்பாலும் அம்மாக்கள். “பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேக்கிறானுங்க. படிப்புக்கும் ஆகும்ங்கிறான். ஒரு லட்சம் ஆகுமாம். வாங்கித் தரலாமுங்களா?”

படிப்புக்கும் ஆகும் என்று அவன் சொல்வது பொய் இல்லை. ஆனால் படிப்புக்கு மட்டும் என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை. 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் வந்த சின்ன லேப்டாப்பே எத்தனையோ வீடுகளில் ப்ராஜெக்ட் வேலையை முடித்துக் கொடுத்தது. கேமிங் கம்ப்யூட்டர் ஆசைக்கு வாங்குவது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆசைக்கு வாங்குவதையும் கணக்குப் பார்த்து வாங்கலாமே?

கேம் என்றாலே பதறும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. பையன்கள் கேட்கும் வாலரன்ட், ஜிடிஏ போன்ற ஆட்டங்கள் அந்த வகை இல்லை. நேரத்தைத் தின்னும், அது வேறு பஞ்சாயத்து.

கணக்குப் பார்ப்பதில் சங்ககிரிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சேஸிஸை ஓரிடத்தில் வாங்கி, பாடியை இன்னொரு பட்டறையில் கட்டி, மரம் என்ன, தகடு என்ன என்று பக்கத்தில் நின்று பார்க்கிற லாரிக்காரர்களின் ஊர் இது. அசெம்பிள் கம்ப்யூட்டரும் அப்படித்தான். லாரிக்கு சீரியல் லைட்டைக் கடைசியில்தானே யோசிக்கிறோம்? கம்ப்யூட்டர் கடையில் மட்டும் ஏன் கலர் லைட் எரிகிற கேபினட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம்?

முதலில் பையனிடம் கேளுங்கள்: என்ன ஆட்டம் ஆடப் போகிறாய், எந்த ஸ்கிரீனில்? வாலரன்ட் சாதாரண மெஷினிலேயே ஓடும். “ஜிடிஏ 6 வருதுப்பா” என்று சொன்னால் அசராதீர்கள். 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான். கம்ப்யூட்டருக்குத் தேதி சொல்லாத ஆட்டத்துக்கு இன்றைக்கே ஏன் பணம் கட்ட வேண்டும்?

ஸ்கிரீன் 24 இன்ச், ஃபுல் எச்டி போதும். அதில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே என்றால் 80 லட்சத்துக்கு மேல். அத்தனை புள்ளியையும் நொடிக்கு அறுபது தடவை வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. ஸ்கிரீனைப் பெரிதாக்கினால் கார்டின் விலையும் தானாக ஏறும்.

மானிட்டர் போக மீதிப் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்தக் கார்டுக்குப் போகட்டும். ஆனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். 2021-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி மெமரி இருந்தது. 2023-ல் வந்த 4060-இல் 8 ஜிபி. 2025-ல் வந்த 5060-இலும் அதே 8. எண் கூடினால் எல்லாமே கூடியிருக்கும் என்று யார் சொன்னது? ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இன்னும் மோசம். ஒரே பெயரில் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பிராசசரில் இவ்வளவு கவலை வேண்டாம். 2022-ல் வந்த ஐ5 12400எஃப் போன்ற ஆறு கோர் பிராசசர் பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். ‘எஃப்’ என்ற எழுத்துக்கு மட்டும் அர்த்தம் தெரிந்திருக்கட்டும்: அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு ரிப்பேருக்குப் போனால் ஸ்கிரீனே வராது, ஆன்லைன் கிளாஸும் நின்றுவிடும். மற்ற பிள்ளைகளும் படிக்கும் வீடென்றால் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து எஃப் இல்லாததை வாங்குவதே நல்லது.

இப்போது ராம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியதைப் பார்த்துக் கடைக்காரர்களே அரண்டு போனார்கள். காரணம் ஏஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் தேவை பெருகியதும் கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ‘குரூஷியல்’ பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு டேட்டா சென்டர் கட்டினால் இடைப்பாடிப் பையனின் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது!

என்ன செய்யலாம்? 16 ஜிபியோடு நிறுத்துங்கள். மதர்போர்டில் காலி ஸ்லாட் இருந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ பழைய மெஷினில் டிடிஆர்4 ராம் இருக்கிறதா? 12400எஃப்-க்கு டிடிஆர்4 போர்டும் கிடைக்கும், டிடிஆர்5 போர்டும் கிடைக்கும். பழைய ராமையே மாட்டினால் ஒரு பெரிய செலவு மிச்சம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பட்ஜெட் இடித்ததும் எல்லோரும் முதலில் கை வைப்பது, மெஷினுக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில். “கேபினட்டோடவே வருதுங்க” என்பார் கடைக்காரர். அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லாதது போலக் கனமே இருக்காது. ராத்திரி வோல்டேஜ் ஏறி இறங்கும்போது முதல் அடி வாங்குவது அதுதான். மட்டமானதாக இருந்தால் போகும்போது போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தெரிந்த கம்பெனியின், 80 பிளஸ் முத்திரையுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 இழுப்பது 145 வாட்தான். இந்த பட்ஜெட்டில் 850 வாட் கேட்பது வீண் ஜம்பம். கஞ்சத்தனம் செய்வதென்றால் கேபினட்டின் கண்ணாடியிலும் லைட்டிலும் செய்யுங்கள். நம் ரோட்டுப் புழுதிக்கு முன்பக்கம் கழற்றிக் கழுவும் ஃபில்டர் இருந்தால் போதும்.

பழைய 600 விஏ யுபிஎஸ் வீட்டில் இருக்கிறது என்பீர்கள். அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட். சும்மா இருக்கும்போது தாங்கும், ஆட்டம் சூடு பிடிக்கும்போது கரண்ட் போனால் சட்டென்று அணைந்துவிடலாம்.

கரண்ட் பில்? மானிட்டரோடு 350 வாட், தினம் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 84 யூனிட். 2016-ல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக அறிவித்தது 100 யூனிட். கம்ப்யூட்டரின் விலையைக் கேட்டவர்கள் இதையும் பையனிடம் சொல்லி வைக்கலாம். அவனாக ஸ்விட்சை அணைப்பான் என்று நம்புவோம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசுக்கான மைனிங் நின்றதும், இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு மணி நேரம் ஆட்டம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

சங்ககிரிக்கு ஒரு பக்கம் சேலம், மறுபக்கம் ஈரோடு. இரண்டு ஊரிலும் விலையை எழுதி வாங்குங்கள். ‘8 ஜிபி கார்டு’, ‘500 வாட் எஸ்எம்பிஎஸ்’ என்று எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். கம்பெனி, மாடல் இரண்டும் அதில் இருக்க வேண்டும். “பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாங்க” என்ற பேச்சு வரும். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பது பெரிய தொகைதான், ஆசை வரும். ஆனால் இரண்டாம் வருடம் கார்டு போனால், சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாமல் வாரன்டியை யாரிடம் கேட்பீர்கள்?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கம்ப்யூட்டர் வைக்கப்போகும் இடத்தில் மூன்று பின் பிளக்குக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் ஓட்டை மட்டும் இருக்கும், வயர் இருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்