பேசோர் ஆற்றங்கரையில் நின்றவர்கள்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 30:1-25





பிசான அறுவடை முடிந்து கன்னடியன் கால்வாயில் நீர் வற்றும் கோடையில், சேரன்மகாதேவியைச் சுற்றியுள்ள வயல்களில் கிரிக்கெட் ஆட்டம் களைகட்டும். அப்படிப்பட்ட ஒரு வயலில் நடந்த போட்டியின் நிறைவு விழாவுக்கு, ஜெபித்துப் பரிசு வழங்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. எனக்கும் போர்த்தினார்கள். நானோ அந்தக் களத்தில் ஒரு பந்துகூட வீசியவனல்லன்.

மேடைக்குப் பின்னால், ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் ஸ்டம்புகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். யாரென்று அருகில் நின்ற இளைஞரிடம் கேட்டேன். "எங்க அண்ணாச்சிதான் ஐயா. இருவத்தஞ்சு வருசமா டீமுக்கு ஆடுனாவ. இப்ப மூட்டுவலி. கோடு போடுறது, ஸ்கோர் எழுதுறது எல்லாம் அவியதான்" என்றார். அன்று ஒலிபெருக்கியில் அந்த அண்ணாச்சியின் பெயர் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. அதைச் சொல்லும் வாய்ப்பு என் கையில் இருந்தது. நானும் சொல்லாமல், பொன்னாடையோடு வீடு திரும்பினேன். அந்த உறுத்தலே இவ்வாரத் தியானமாயிற்று.

அமலேக்கியர் சிக்லாகைக் கொளுத்தி, பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துச் சென்றபோது, தாவீது அறுநூறு பேரோடு அவர்களைப் பின்தொடர்ந்தான். பேசோர் ஆற்றண்டையில் இருநூறு பேர் விடாய்த்துப்போய் நின்றுவிட்டார்கள். நானூறு பேர் ஆற்றைக் கடந்து சென்று வென்று திரும்பினார்கள். அப்போது அவர்களில் சிலர், நின்றுவிட்டவர்களுக்குக் கொள்ளையில் பங்கில்லை, மனைவி மக்களை மட்டும் அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார்கள். தாவீது அதை ஏற்கவில்லை. போருக்குப் போனவனுக்கும் மூட்டைமுடிச்சுகளைக் காத்தவனுக்கும் சமபங்கு என்று தீர்த்து, அதை இஸ்ரவேலில் நிலையான பிரமாணமாக்கினான்.

இங்கே மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்த இருநூறு பேர் சோம்பேறிகள் அல்லர். மற்றவர்கள் நடந்த அதே தூரத்தை அவர்களும் ஆற்றங்கரைவரை நடந்தார்கள். நடந்ததனால்தான் களைத்தார்கள். இன்று வரப்பில் அமர்ந்து ஸ்கோர் எழுதுகிறவரின் முழங்கால் வலியும் இருபத்தைந்து ஆண்டு ஓட்டத்தின் கணக்கே. இரண்டாவது, தாவீது சொன்ன நியாயம்: கையிலிருப்பது கர்த்தர் தந்தது. தந்தவர் அவரானால், 'என் வெற்றி' என்று உரிமை கொண்டாட எவருக்கும் இடமில்லை. மூன்றாவது, பங்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே தாவீது அந்த இருநூறு பேரண்டையில் போய் அவர்களுடைய நலம் விசாரித்தான்.

இந்தப் பிரமாணத்தின் சாயலை நம் காலத்திலும் கண்டிருக்கிறோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2020-ஆம் ஆண்டு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்று, அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது அவரைச் சாரட்டில் ஏற்றி அழைத்துச் சென்றார்கள். ஆனால் அவருடைய சட்டையில் பொறித்திருந்த பெயர் 'ஜே.பி. நட்டு'. ஜே.பி. என்பது அவரைக் கண்டெடுத்து வழிநடத்திய அதே ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷைக் குறிக்கும். அந்த அண்ணன் சர்வதேச ஆட்டம் ஆடியவரல்லர். ஆயினும் ஆற்றைக் கடந்த தம்பி, கரையில் நின்றவரின் பெயரைத் தன் முதுகில் சுமந்து ஆடினார். பின்னர் தன் கிராமத்திலேயே அவர் அமைத்த ஒரு மைதானமும் 2023-இல் திறக்கப்பட்டது.

யாருக்கு எந்த இடம் என்ற கேள்வி நம் ஊருக்குப் புதிதன்று. 1920-களில் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி என்ற செய்தி எழுந்தபோது, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தமிழகமே அதைப் பற்றிப் பேசியது. ஒருவரை எங்கே அமர்த்துகிறோமோ, அங்கேதான் அவரைப் பற்றிய நம் எண்ணம் வெளிப்படுகிறது. தெருவாரியாகப் பிரிந்து கிடக்கும் கிராமங்களில், பல தெருப் பிள்ளைகளை ஒரே அணியாகச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் கட்டிக்காத்த மூத்த ஆட்டக்காரர் செய்தது சிறிய ஊழியமா?

சிலர் கேட்கலாம்: "ஞாயிறு ஆராதனையை விட்டு விளையாடப் போகிறவர்களைப் போதகர் பாராட்டலாமா?" ஆராதனையை அசட்டை செய்வதைப் பிரசங்க பீடத்திலிருந்து நான் கண்டித்திருக்கிறேன், இனியும் கண்டிப்பேன். ஆனால் ஒருவரைக் கண்டிக்குமுன் அவருடைய பெயரையாவது நான் அறிந்திருக்க வேண்டாமா? வேறு சிலர், மூத்தவர்களுக்கு மரியாதை செய்தால் இளையவர்களின் வாய்ப்புப் பறிபோகும் என்று அஞ்சலாம். தாவீது கொடுத்தது போர்முனையில் இடமன்று, பங்கு. பதினொருவரில் இடம் திறமையுள்ள இளைஞருக்கே உரியது. மேடையின் முதல் நாற்காலி மூத்தவருக்கு உரியது.

ஆகவே போட்டி நடத்தும் தம்பிமாருக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு முதல் பொன்னாடை உங்கள் மூத்த ஆட்டக்காரருக்கு விழட்டும். எத்தனை ஆண்டு ஆடினார், என்ன செய்தார் என்று பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். பரிசுத் தொகையில் ஒரு பகுதியை அவருடைய மூட்டுவலிச் சிகிச்சைக்கென்று எடுத்துவையுங்கள். இரங்கல் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்போகும் அந்தப் பெயரை, அவர் காது கேட்கும் காலத்திலேயே சொல்லுங்கள்.

சபையாகிய நமக்கும் இது பொருந்தும். அதிகாலையில் மணியடித்து, ஆலயத்தைப் பெருக்கி, கடைசியாகக் கதவைப் பூட்டும் கோவில்பிள்ளைக்கு அசனப் பண்டிகையில் நாம் எந்தப் பந்தியில் இடம் கொடுக்கிறோம்?

அந்த அண்ணாச்சியின் வீட்டை விசாரித்து வைத்திருக்கிறேன். இவ்வாரம் போவேன். எனக்குப் போர்த்திய பொன்னாடையை அவருக்குக் கொடுத்துக் கடனைத் தீர்த்துவிட முடியாது. முதலில் அவர் பெயரைக் கேட்டு, நலம் விசாரிக்கப் போகிறேன். தாவீதும் அங்கேதான் தொடங்கினான்.

ஜெபம்: பரம பிதாவே, எங்களுக்கு முன் நடந்து களைத்தவர்களை நாங்கள் மறந்ததை மன்னியும். கரையில் நிற்பவர்களைக் கண்டுகொள்ளும் கண்களையும், உம்முடைய ஈவுகளைப் பகிர்ந்துகொள்ளும் மனதையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.