பால் கணக்கும் பார்லிமெண்டுக் கணக்கும்

எங்கள் வீட்டில் மாதம் முதல் தேதி பரீட்சை தினம். பரீட்சை வைப்பவர் என் மாமியார். எழுதுகிறவர்கள் பால்காரர், சலவைக்காரர், அப்புறம் நான்! மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவர் நோட்டைப் பிரித்துவிட்டால், "பதினாலாம் தேதி அரை லிட்டர் அதிகமாக எழுதியிருக்கிறதே, யார் வந்தார்கள்?" என்று கேள்வி பிறக்கும். பதில் வராமல் பணம் பெயராது.

அன்று பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது டெலிவிஷனில் லோக்சபைக் காட்சி. ஒரே கூச்சல். ஐந்து நிமிஷத்தில் சபை ஒத்திவைப்பு. மாமியார் தலையைத் தூக்கினார்.

"ஏண்டா, இவர்களும் கணக்குப் பார்க்கத்தானே போயிருக்கிறார்கள்?" என்று என் கணவரைக் கேட்டார்.

"ஆமாம் அம்மா. சர்க்கார் செலவுக்கு அந்தச் சபைதான் சம்மதம் கொடுக்க வேண்டும்."

"சரி, பார்க்கிறார்களா?"

என் கணவர் பத்திரிகைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

2023 மார்ச்சில் நடந்த சங்கதியைச் சொன்னேன். மத்திய சர்க்காரின் அந்த வருஷத்துப் பட்ஜெட் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய். ஆளும் கட்சி, எதிர்த் தரப்பு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. எதிர்க்கட்சிகள், கூட்டுக் கமிட்டி விசாரணை வேண்டும் என்றன. இரு பக்கமும் நாள் கணக்கில் கோஷம். கடைசியில் 23-ந் தேதி, ஒரு இலாகாவின் கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல், மூட்டையாகக் கட்டி ஓட்டுக்கு விட்டு நிறைவேற்றிவிட்டார்கள். மறுநாள் நிதி மசோதாவுக்கும் அதே கதி.

இந்த முறைக்குக் 'கில்லட்டின்' என்று பெயர். பிரெஞ்சு தேசத்தில் தலையை வெட்டிய யந்திரத்தின் பெயர் அது. இங்கே வெட்டுப்படுவது விவாதம். நேரம் போதாமல் பல இலாகாக்கள் இப்படிப் போவது வருஷா வருஷம் உள்ளதுதான். ஒன்றுகூட மிஞ்சாமல் போவதுதான் விபரீதம். 2018-லும் இதே கதை.

"அந்த மூட்டையில் என்னம்மா இருந்தது?" என்றார் மாமியார்.

அங்கன்வாடிக் குழந்தைகளின் சாப்பாட்டுப் பணம் இருந்தது. நூறு நாள் வேலைக் கூலி இருந்தது. முந்தின வருஷப் பட்ஜெட்டில் 73,000 கோடியாக இருந்த அந்தக் கூலிப் பணம் 60,000 கோடியாகக் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்று துருவிக் கேட்க வேண்டிய இடமல்லவா அது?

"கமிட்டிகள் தனியாகப் பார்க்கின்றன, அம்மா" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சமையற்கட்டில் உப்புப் பார்த்தாயிற்று என்று பந்தியில் இலை போடாமல் இருந்துவிடலாமா?" என்றார் மாமியார். குரல் அடங்கிவிட்டது!

கூச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். சபை கூடுகிற நாட்களே தேய்ந்துவிட்டன. 1952-லிருந்து 1957 வரை இருந்த முதல் லோக்சபை 677 நாட்கள் கூடியது. 2019-லிருந்து 2024 வரை இருந்த பதினேழாவது லோக்சபை கூடியது 274 நாட்கள்தான். துணைச் சபாநாயகரைக் கூடிய சீக்கிரம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அந்தச் சபை ஐந்து வருஷமும் அந்த நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தது.

அனுமதி இல்லாமல் 60 நாள் வராத அங்கத்தினரின் ஸ்தானம் காலி என்று சபை அறிவிக்கலாம். அந்த 60 நாளில் சபை நீண்ட நாள் ஒத்திவைத்திருக்கும் காலம் சேராது. பாத்திரம் தேய்க்கிற பெண் மூன்று நாள் வராவிட்டால் நாம் என்ன பேச்சுப் பேசுகிறோம்!

நம்மிடமும் குற்றம் உண்டு, சகோதரிகளே. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் குழாயும் தெருவிளக்கும் கேட்கிறோம். "எத்தனை நாள் சபைக்குப் போனீர்கள்? எந்தக் கணக்கைக் கேட்டீர்கள்?" என்று யாராவது கேட்டதுண்டா? அங்கத்தினர்களின் வருகைக் கணக்கும் அவர்கள் கேட்ட கேள்விகளும் லோக்சபையின் இணையதளத்திலேயே இருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடும்.

மாமியார் அன்றே பால் கணக்குக்கும் சலவைக் கணக்குக்கும் நடுவில் ஒரு புதுப் பக்கம் தொடங்கிவிட்டார். தலைப்பில் எங்கள் தொகுதி அங்கத்தினரின் பெயர்.

ஓட்டுக்கு நோட்டு என்கிறார்களே, அடுத்த தேர்தலுக்கு எங்கள் வீட்டிலும் தயார். ஆனால், அது கணக்கு நோட்டு!