கோல் அடிச்சவங்க மட்டும்தானா?

போன மாசம் இதே சுவரில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் "எனக்குப் பிடித்த விளையாட்டு வீரர்" என்று மெஸ்ஸியைப் பற்றி எழுதியிருந்தான். அதுக்கு முந்தின மாசம் ரொனால்டோ. படம்கூட நல்லா வரைஞ்சிருந்தாங்க, நான் குறை சொல்லல. ஆனா கோல் அடிச்சவங்களைப் பத்தியே எழுதுறோமே, சொல்லிக் கொடுத்தவங்களைப் பத்தி ஏன் யாரும் எழுதுறதில்லை? அதான் இந்த மாசம் நான் எழுதுகிறேன். இது என் கருத்து. பிடிக்காதவங்க அடுத்த மாசம் பதில் எழுதலாம்.

பி.கே. பானர்ஜி என்ற பெயரை நம்ம பள்ளியில் எத்தனை பேர் கேட்டிருக்கீங்க? எங்க வகுப்பில் கேட்டேன். இரண்டு பேர் கை தூக்கினாங்க. அதுவும் 2024-இல் வந்த "மைதான்" படத்தைப் போனில் பார்த்தவங்க. அவர் 1936 ஜூன் 23-இல் வங்காளத்தில் ஜல்பாய்குரியில் பிறந்தவர். ரயில்வேயில் வேலை. கொல்கத்தாவில் பெரிய கிளப்புகள் இருந்தும் அவர் கடைசி வரை ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்குத்தான் விளையாடினார். அந்த அணி 1958-இல் பெரிய கிளப்புகளை எல்லாம் தள்ளிவிட்டு கொல்கத்தா லீக்கை ஜெயிச்சது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்தான் இந்தியாவின் கேப்டன்.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு. இறுதிப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயிச்சோம். முதல் கோல் பி.கே. அடிச்சது. இரண்டாவது கோல் ஜர்னைல் சிங். தலையில் தையல் போட்ட காயத்தோடு விளையாடினார் அவர். அன்னிக்கு நம்ம கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். பேரைப் பார்த்தாலே தெரியும், நம்ம ஆளு. நீலகிரி வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் விளையாடியவர். (நானும் கோல்கீப்பர், அதனால் இதை விட முடியல.)

ஆனா நான் சொல்ல வந்தது பி.கே. அடிச்ச கோலைப் பத்தி இல்ல. விளையாட்டை விட்ட பிறகு அவர் பயிற்சியாளர் ஆனார். 1972-இல் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் அவர் அணி மோகன் பகானை 5-0 என்று அடிச்சது. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இன்னிக்கும் அதைச் சொல்லிச் சொல்லி சந்தோஷப்படுறாங்க. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? அவர் அந்த மோகன் பகானுக்கே பயிற்சியாளராகப் போனார்! 1977-இல் பீலே கொல்கத்தாவுக்கு வந்து விளையாடினாரே, அந்த காஸ்மாஸ் அணியை 2-2 என்று நிறுத்தியது பி.கே.யின் மோகன் பகான்தான். இரண்டு எதிரிக் கூட்டமும் ஒரே ஆளை எங்காளு என்று சொல்லுறது சாதாரண விஷயம் இல்ல.

அவர் ஆட்டத்துக்கு முன்னாடி பசங்களை உட்கார வைத்துப் பேசுவாராம். அந்தப் பேச்சுக்கு "வோக்கல் டானிக்" என்றே பேர் வைத்துவிட்டார்கள். பாட்டிலில் இல்லாத டானிக், வாயால் கொடுக்கிற டானிக்.

1997 ஜூலை 13. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. 1 லட்சத்து 31 ஆயிரம் பேர். நம்ம ஊர் தைப்பூச ஜோதிக்கு பெருவெளி நிறைஞ்சு நிக்குமே, அந்த மாதிரி கூட்டம் ஒரு பந்தைப் பார்க்க வந்திருக்கு. அப்போது பி.கே. திரும்பவும் ஈஸ்ட் பெங்காலில். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா. அவரும் பழைய வீரர்தான், பெரிய ஆள்தான். ஆனா ஆட்டத்துக்கு முன்னாடி அவர் எதிரணி ஆட்களைக் கேலி பண்ணினார். பைச்சுங் பூட்டியாவை "சுங் சுங்" என்றார். ஒமோலோவை "ஆம்லெட்" என்றார். பி.கே. பதிலுக்குக் கேலி பண்ணல. அந்தக் கேலியையே தன் பசங்களுக்கு டானிக்காக ஆக்கிட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1. "சுங் சுங்" மட்டும் மூணு கோல்.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அணி ஞாபகம்தான் வந்தது.

போன வருஷம் குறுவட்டப் போட்டியில் நாங்க 0-4 என்று தோற்றோம். அடுத்த நாள் காலையில் பிரேயர் முடிஞ்சு வரிசையில் போகும்போதே எனக்குப் பேரு வச்சிட்டாங்க. "ஓட்டை வாளி". யார் வச்சது என்று எழுத மாட்டேன், அவங்களுக்கே தெரியும். ஒரு வாரம் நான் கிரவுண்டு பக்கமே போகல. அம்மாவும் "விடுடி, வயசுக்கு வந்த பொண்ணு, இதோட போதும்" என்று சொல்லிட்டாங்க. முந்திரி உடைச்சு கை எல்லாம் கறையோடு வந்து அம்மா சொல்லும்போது எதிர்த்துப் பேச வாய் வராது.

அப்போ எங்க அக்கா வீட்டுக்கே வந்தாங்க. கூடப் பிறந்த அக்கா இல்ல. நம்ம பள்ளியில் படிச்சு மாவட்ட அணி வரைக்கும் விளையாடினவங்க. இப்போ தையல் கடையில் வேலை. சனி ஞாயிறு காலையில் சம்பளம் இல்லாம எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. அவங்க கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. "நாலு விட்டியே, பதினொன்னு புடிச்சியே, அதை எவளாவது எண்ணினாளா? நான் எண்ணினேன்" என்று பிரித்துக் காட்டினாங்க. ஒவ்வொரு பந்தும் எத்தனையாவது நிமிஷம், எந்தப் பக்கம் என்று எழுதியிருந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்தாங்க. எழுத்து ஓடாது, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாங்க. சனிக்கிழமை காலையில் எழுப்பிவிட்டது அம்மாதான்.

விளையாடினவங்க எல்லாரும் நல்லா சொல்லிக் கொடுத்துடுவாங்களா என்று கேட்கலாம். இல்லதான். 1962-இல் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரிய வீரர் என்று அவரை யாரும் சொல்லுறதில்லை. ஆனாலும் பெண் பிள்ளைகளுக்கு, விளையாடின பெண் ஒருத்தி வந்து நிக்கிறது வேற மாதிரிதான். வயிறு வலிக்குது என்று அக்காகிட்ட சொல்லிடலாம். சார்கிட்ட சொல்ல முடியுமா? 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயிச்சு தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனாங்க. அந்த அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் நம்ம கடலூர் மாவட்டம்தான், போலீஸ் எஸ்.ஐ. அவங்க மாதிரி ஒருத்தங்க உருவாக, யாரோ ஒருத்தங்க விடியக்காலையில் மைதானத்துக்கு வந்திருப்பாங்க இல்லையா?

இப்போ பிரச்சினைக்கு வருகிறேன். வெளி ஆட்களைப் பள்ளிக்குள் விடக்கூடாது என்று சிலர் சொல்லுறாங்க. பாதுகாப்புக்குத்தான் சொல்லுறாங்க, ஒத்துக்கறேன். அதனால் போன மாசத்தில் இருந்து அக்கா கேட்டுக்கு வெளியே நின்னுக்கிட்டுத்தான் கத்துறாங்க. லாரி சத்தத்தில் பாதி கேட்கல. இதே பள்ளிக்காக ஓடினவங்க எப்படி வெளி ஆள் ஆவாங்க? ஒரு கடிதம் எழுதி வாங்கி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, ஒரு டீச்சர் கூட இருக்கும்போது விடலாமே. அக்காவுக்கு வரும் தை மாசம் கல்யாணம், விழுப்புரம் பக்கம் போறாங்க. அதுக்குள்ளே பழைய மாணவிகளில் இன்னொருத்தங்களைக் கண்டுபிடிச்சு, அக்கா இருக்கும்போதே சேர்த்துவிடணும். விளையாடின அக்கா யாராவது உங்க தெருவில் இருந்தா சொல்லுங்க.

பி.கே. 2020 மார்ச் 20-இல் இறந்தார். கொரோனா பயம் ஆரம்பிச்ச நேரம். அவர் பிறந்த ஜூன் 23-ஐ சின்னப் பசங்களின் கால்பந்துக்கான நாளாகக் கொண்டாட அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முடிவு செஞ்சது. பள்ளி திறந்து கொஞ்ச நாளில் வருகிற தேதிதான். நம்ம பள்ளியில் யாரும் கொண்டாடினதா எனக்குத் தெரியல. அடுத்த ஜூனில் அக்கா இங்கே இருக்க மாட்டாங்க. அந்த நாற்பது பக்க நோட்டை மட்டும் எங்ககிட்ட கொடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன்.

பின்குறிப்பு: பந்துக்குக் காற்று அடிக்கிற ஊசி தொலைஞ்சு போச்சு. யார்கிட்டயாவது இருந்தால் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் கொடுக்கவும். சனிக்கிழமைக்குள் வேண்டும்.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி (ஓட்டை வாளி)