மின்சாரம் நமக்கு, காற்றாலை அவர்களுக்கு

2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தி.நகர் ஜவுளிக்கடைகளுக்கும் மயிலாப்பூர், அடையாறு அடுக்ககங்களுக்கும் அதில் பங்கு உண்டு. மே கடைசியில் காற்று தொடங்கிவிட்டால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் செப்டம்பர் வரை கைகொடுக்கின்றன. காற்றடிப்பது ஓரிடம், ஏ.சி. ஓடுவது வேறிடம். இந்தத் தூரத்தைச் சுட்டிக்காட்டித்தான் தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் வசிக்கும் சிலர் சேர்ந்து சென்னைவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறார்கள்.

அவர்கள் காற்றாலைக்கு எதிரிகள் அல்லர். எண்ணூரின் நிலக்கரிச் சாம்பலைப் பார்த்தவர்கள் யாரும் அப்படி இருக்கவும் முடியாது. அவர்கள் கைநீட்டிக் காட்டுவது தனுஷ்கோடிக்கு அக்கரையில் உள்ள மன்னார் தீவை.

மன்னாரின் தென்கரையில் 30 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. 'தம்பபவனி' என்று பெயர். மொத்தத் திறன் 103.5 மெகாவாட். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் எழுந்து, 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன் பிறகுதான் ஊர்க்காரர்களின் புகார்கள் தொடங்கின. தீவு தாழ்வான மணல்தரை. காற்றாலைகளுக்காக மேடாக்கிப் போட்ட பாதைகளும் கான்கிரீட் அடித்தளங்களும் மழைநீர் கடலுக்குப் போகும் வழியை மறித்துவிட்டன, முன்பு வடிந்த தண்ணீர் இப்போது வீட்டுக்குள் நிற்கிறது என்றார்கள். கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக்காரர்கள் மீன்வரத்து குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். இதில் காற்றாலையின் பங்கு எவ்வளவு, கடல் மாறியதன் பங்கு எவ்வளவு என்பது நிதானமாக ஆராய வேண்டிய விஷயம். அதற்குள் அடுத்த திட்டம் வந்துவிட்டது.

வந்தது இந்தியாவிலிருந்து. மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட்டுக்கு அதானி கிரீன் எனர்ஜி நிறுவனத்துக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது, முதலீடு 44.2 கோடி டாலர். திட்டத்தின் மன்னார் பகுதிக்கு எதிராகச் சூழலியல் அமைப்புகளோடு மன்னார் ஆயரும் இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தீவு, மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையில் இருக்கிறது. பக்கத்து வங்காலை சரணாலயம் ராம்சார் தலம். புதிய அரசு மின்கட்டணத்தை மறுபடி பேச முற்பட்டதும், 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. விலை படியாததால் போன திட்டம் அது. ஊர் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

அதனால்தான் 2025 ஆகஸ்டில், வேறு நிறுவனங்களின் காற்றாலை பாகங்கள் லாரிகளில் வந்தபோது மக்கள் சாலையில் இறங்கினார்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலையை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார். பிறகு, ஒப்புதல் பெற்றவை தொடரும், இனி புதியவை மன்னார் மக்களின் சம்மதமின்றி வராது என்று அரசு அறிவித்தது. செப்டம்பர் 26 இரவு போராட்டக்காரர்கள் மீது போலீஸ் பலப்பிரயோகம். 29ஆம் தேதி மன்னாரில் ஹர்த்தால். 'சம்மதம்' என்ற அந்த ஒரு சொல்லை வாங்க இவ்வளவு நடக்க வேண்டியிருந்தது.

இக்கரையில் அந்தச் சொல்லே கிடையாது. துறைமுகமோ பெரிய சுரங்கமோ வருவதானால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஊரில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். காற்றாலை அந்த அட்டவணையிலேயே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் வகைப்பாட்டில் அது வெள்ளைப் பட்டியல். புகை இல்லை என்பதால் கேள்வியும் இல்லை. ஒற்றைக் காற்றாலைக்கு இது நியாயமாக இருக்கலாம். நூற்றுக்கணக்கில் எழுப்பும்போது பாதை, ஓடை, மேய்ச்சல் நிலம் எல்லாம் கணக்கில் வரவேண்டாமா?

அடுத்தது கடல். குஜராத், தமிழகக் கரைகளில் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைகளுக்கு உதவ ரூ.7,453 கோடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா நம் பக்கம்தான் இருக்கிறது. பூநாரைகளுக்காக 2025 ஜூனில் தனுஷ்கோடியைச் சரணாலயமாக அறிவித்ததும் நம் அரசுதான்.

இதற்கெல்லாம் சென்னை என்ன செய்ய முடியும்? நிறைய. தேசியக் காற்றாற்றல் நிறுவனம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. மின்வாரியத் தலைமையகம் அண்ணா சாலையில். ராமநாதபுரத்து மீனவருக்கு ஒரு நாள் பயணம், நமக்கு ஒரு பஸ் டிக்கெட். காற்றைப் பற்றிப் பேச ஊரூர் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் ஆட்கள் உண்டு. வாடை எது, கச்சான் எது, எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். நிபுணர் குழுக்களில் அவர்களுக்கு நாற்காலி போட்டதாகத்தான் தெரியவில்லை.

இந்த வேண்டுகோளை விடுக்கும் குழுவினர் கேட்பவை இவை. பெரிய காற்றாலைத் திட்டங்களுக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும். அந்தந்த ஊரிலேயே நடத்த வேண்டும். ஆய்வறிக்கை முழுவதும் தமிழில் வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2020ஆம் ஆண்டு வரைவு அறிவிக்கையை 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்ல டெல்லி உயர் நீதிமன்றம் தேவைப்பட்டதை மறந்துவிடக் கூடாது. இம்மூன்றையும் கேட்டு, தென்சென்னை, மத்திய சென்னை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள். அடுத்த காற்றுப் பருவம் தொடங்குவதற்குள் எழுதுங்கள்.