கற்பனைப் பேரரசின் துணிகளை வெளுப்பவர் யார்?

கற்பனை உலகம் ஒன்றைப் படைக்க விரும்பும் மாணவர் பெரும்பாலும் நிலப்படத்திலிருந்தே தொடங்குகிறார். பூமியினும் மிகப் பெரிய ஒரு கோள், அதைப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆளும் ஒரே பேரரசு, நூறு அரசர்களின் பெயர்ப்பட்டியல், பத்துப் பெரும்போர்கள். நோட்டுப்புத்தகம் நிறைந்துவிடும். ஆயினும் அவ்வுலகில் ஒருவரும் சமைப்பதில்லை, தண்ணீர் சுமப்பதில்லை, துணி துவைப்பதில்லை. அரசனின் வெண்பட்டு மட்டும் எந்நாளும் அழுக்கின்றி ஒளிர்கிறது. அதை வெளுத்தவர் யார்? இக்கேள்விக்கு விடையில்லாத பேரரசைப் படிப்பவர் நம்பமாட்டார்.

முதலில் கோளைப் பார்ப்போம். பெரிய கோள் என்று எழுதுவது எளிது. அதில் வாழ்வது எளிதன்று. பூமியின் அடர்த்தியும், அதன் ஆரத்தைப்போல் இருமடங்கு ஆரமும் கொண்ட கோள் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு 4 மடங்கு. நிறை 8 மடங்கு. தரையில் உணரும் ஈர்ப்பு 2 மடங்கு. இங்கே 10 கிலோ கனக்கும் ஈரத்துணிக் கூடை அங்கே 20 கிலோ போலக் கனக்கும். மலைகள் இங்குள்ள அளவுக்கு உயரமாட்டா. அரசாணை எல்லையைச் சென்றடைய இருமடங்கு தொலைவு கடக்க வேண்டும். அதைக் கொண்டு செல்லும் குதிரையோ தன் உடலைச் சுமக்கவே தடுமாறும். அத்தகைய நாட்டில் வரி எவ்வாறு வந்து சேரும், பஞ்சச் செய்தி தலைநகருக்கு எப்போது எட்டும் என்பவையே சுவையான கேள்விகள். வாட்போர்களை எவரும் எழுதிவிடலாம்.

கற்பனைக்கு இத்தனை கணக்கு எதற்கு என்று சிலர் கேட்பர். அவர்களுக்கு விடையாகக் கல்கியைக் காட்டலாம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ ஒரு பேரரசையே சொற்களால் மீண்டும் எழுப்பியது. நந்தினி, பூங்குழலி ஆகியோர் முழுக் கற்பனை. வந்தியத்தேவனோ குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டில் குறிக்கப்படும் ஒரு பெயர்; அப்பெயருக்கு உயிர் கொடுத்தவர் கல்கி. இவ்வளவு துணிவாகக் கற்பனை செய்தவர் கதையை எங்கே தொடங்கினார்? அரியணையில் அன்று, ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில். ஏரியின் நீளத்தையும் அதிலிருந்து நீர் பாயும் வழிகளையும் வியந்தபடியே வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். சோழநாடு ஏன் செழித்தது என்பது அந்த முதற்காட்சியிலேயே விளங்கிவிடுகிறது. ஏறத்தாழ 850இல் எழுந்த பிற்காலச் சோழர் ஆட்சி 1279 அளவில் முடிந்துபோயிற்று. அந்த ஏரி இன்று வீராணம் என்ற பெயரில் சென்னைக்கும் குடிநீர் தருகிறது.

சோழர் கல்வெட்டுகளில் மற்றொரு செய்தியும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டு, அங்கு பணிபுரிந்த ஆடல் மகளிர் நானூற்றுவரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்த வீட்டில் குடியமர்த்தப்பட்டார் என்பதும் அதில் உண்டு. இசைப்போர், தையற்காரர், நாவிதர், துணி வெளுப்போர் ஆகியோருக்கு உரிய நெல்லின் பங்கும் அதே கல்லில் உள்ளது. வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி எல்லா அரசர்க்கும் ஒன்றுபோலவே ஒலிக்கும். இந்தப் பட்டியலோ ஓர் உலகையே கண்முன் நிறுத்துகிறது.

தொலைதூரத் தஞ்சைதான் வேண்டும் என்பதில்லை, மட்டாஞ்சேரியே போதும். இங்குள்ள ‘டச்சு அரண்மனை’யைக் கட்டியவர்கள் டச்சுக்காரர் அல்லர். 1555 அளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தனர். பின்வந்த டச்சுக்காரர் அதைப் பழுதுபார்த்தனர். பெயர் பழுதுபார்த்தவருக்குப் போயிற்று. கற்பனைப் பேரரசு எதிலும் இத்தகைய தவறான பெயர் ஒன்றுகூட இருப்பதில்லை என்பது பெருங்குறை. நெடுங்காலம் மக்கள் வாழ்ந்த ஊரில் பெயர்கள் இப்படித்தான் இடம் மாறிக் கிடக்கும். கொச்சித் துறைமுகமே 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் உருவாயிற்று என்பர். பழைய முசிறி தூர்ந்தது. புதிய துறைமுகம் திறந்தது. எந்த அரசனும் அதற்கு ஆணையிடவில்லை.

டச்சுக்காரர் 1663இல் கொச்சியைக் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். அவர்களுடைய படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டன என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. தஞ்சைக் கல்வெட்டைப்போல் அவர்களுடைய பெயர்களையும் வீடுகளையும் தாங்கிய கல் எதுவும் மட்டாஞ்சேரியில் நிற்கவில்லை. படை போயிற்று, அதன் சீருடையும் போயிற்று. அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் சலவைத்துறை மட்டும் இன்றும் இயங்குகிறது. அங்கு தமிழ் பேசுவோர் கல்லில் துணியை அறைந்து வெளுக்கின்றனர், கஞ்சி போடுகின்றனர், கனத்த பெட்டியால் தேய்த்து மடிக்கின்றனர். ஒரு பேரரசு எவரைக் கொண்டு நடந்தது, அது போனபின் எவர் எஞ்சினர் என்று அறிய விரும்பும் எழுத்தாளர் ஒரு காலைப்பொழுதை அங்கு செலவிடலாம். இவ்வூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதற்கு மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை.

அவர்கள் அங்கே கொடிக்கயிற்றையும் கவனிக்க வேண்டும். அதில் கிளிப்புகள் இரா. முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்கு இடையே துணியின் முனை செருகப்பட்டிருக்கும், காற்றடித்தாலும் விழாது. இருமடங்கு ஈர்ப்புள்ள கோளில், ஈரம் சொட்டும் அரசனின் பட்டை அந்தக் கயிறு தாங்குமா என்பதை அங்குள்ள பெரியவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.